மூல ஓலையும் படி ஓலையும்: கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழர் கற்ற நிலச் சட்டம்

சேக்கிழார் பெருமான் அருளிய தடுத்தாட்கொண்ட புராணத்தை ஒருமுறையேனும் வகுப்பில் விரித்துரைக்காத தமிழாசிரியர் அரியர். திருமணப் பந்தலில் முதியவர் ஒருவர் வந்து நிற்பார். மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்பார். அதற்கு ஓர் ஓலையும் காட்டுவார். சினங்கொண்ட நம்பியாரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுவார். முதியவர் கலங்கினாரில்லை. கிழிபட்டது படி ஓலை என்றும், மூல ஓலை தம்மிடம் பத்திரமாக உள்ளது என்றும் கூறி, வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குக் கொண்டு செல்வார். அவையத்தாரும் பாட்டனாரின் கையெழுத்தைக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பு நோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

பக்திச் சுவையைச் சற்றே ஒதுக்கிவைத்து நோக்குவார்க்கு, இஃது ஆவணச் சட்டப் பாடமாகவே தோன்றும். மூலத்துக்கும் படிக்கும் உள்ள வேறுபாடு, கையெழுத்தை மெய்ப்பிக்கும் முறை, இருதரப்பும் ஏற்கும் அவை ஆகிய மூன்றும் இக்கதையில் உள்ளன. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழகத்தில் கதை கேட்போர் இவற்றை அறிந்திருந்தனர் என்பதனாலன்றோ புலவர் இவற்றை விளக்காமலே பாடிச் சென்றார்! ஆவணம் என்பது தமிழர்க்குப் புதிய பொருளன்று. அவ்வாறாயின், மலாயாவின் காட்டைத் திருத்தி இரப்பர் நட்ட தமிழர் மூன்று தலைமுறை வாழ்ந்த மண்ணிலிருந்து கையில் ஓர் ஓலைத் துண்டும் இன்றி வெளியேற நேர்ந்தது எங்ஙனம்? நிலத்தை வாங்கவும் காக்கவும் பேரம் பேசவும் வேண்டிய கல்வி தமிழருள் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லாதிருந்தது என்று ஆராய்ந்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிடைப்பது அரிது.

முதலில் இந்நாட்டு நிலச் சட்டத்தின் தன்மையை அறிதல் வேண்டும். தென் ஆஸ்திரேலியாவில் சுங்க அதிகாரியாக இருந்த இராபர்ட் டாரன்ஸ் என்பவர், கப்பல்களின் உரிமையைப் பதிவேட்டில் குறிக்கும் முறையை நிலத்துக்கும் பொருத்தினார். 1858-இல் அது சட்டமாயிற்று. பத்திரம் பத்திரமாகப் பின்னோக்கிச் சென்று மூலவரைத் தேடும் தொல்லை அம்முறையில் இல்லை. பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். மலாய் மாநிலங்களுக்கு இதனைப் பரிந்துரைத்தவர்களுள் முதன்மையானவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல். அவர் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த காலத்தில், 1891-இல், அம்மாநிலத்தில் உரிமைப் பதிவுச் சட்டம் எழுந்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்கள் முழுமைக்குமான நிலச் சட்டத் தொகுப்பு 1926-இலும், இன்றுள்ள தேசிய நிலச் சட்டம் 1965-இலும் இயற்றப்பட்டன. பின்னது 1966 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

நம்பியாரூரர் கதையை இங்கே மீண்டும் நினைவு கூர்தல் தகும். டாரன்ஸ் முறையில் மூல ஓலை நில அலுவலகத்தில் உள்ள பதிவேடு. உரிமையாளர் பெட்டியில் பூட்டி வைக்கும் ‘கிராண்ட்’ அதன் மறு ஏடே. அது கிழிந்தாலும் எரிந்தாலும் உரிமை அழிவதில்லை. ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறாதவர்க்கு நூறாண்டு வாழ்ந்த வீடும் தம்முடையதாவதில்லை. காலங்காலமாக ஓரிடத்தில் வாழ்ந்தோம் என்ற வாதம், அனுபவ பாத்தியம் என்று தமிழ்நாட்டில் வழங்குவது, இந்நாட்டுத் தேசிய நிலச் சட்டத்தின் முன் செல்லாது. தோட்டத் தமிழர் நெஞ்சில் இவ்வொரு செய்தியை எவரேனும் முன்னரே பதித்திருந்தால் எத்துணையோ கண்ணீர் மிஞ்சியிருக்கும்.

இச்செய்தியை நன்கறிந்த தமிழர் ஒரு சாரார் கோலாலம்பூரிலேயே இருந்தனர். அம்பாங் தெருவின் கிட்டங்கிகளில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களே அவர்கள். அவர்தம் தொழிற்கல்வி முறை தனியே ஆராயத்தக்கது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை பெட்டியடிப் பையனாகக் கடையில் அமர்வான். பேரேடு எழுதவும் மனக்கணக்கில் வட்டி காணவும் பழகுவான். பிறகு அடுத்தாளாவான். தேர்ந்தபின் ஏஜெண்டாக உயர்ந்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை கணக்கு ஒப்புவித்துச் செல்வான். பாடப்புத்தகம் இல்லை, தேர்வும் இல்லை. ஆயினும் கடன் கேட்டு வருபவன் நீட்டும் கிராண்டைப் புரட்டிப் பார்த்து, அது மலாய் ஒதுக்கீட்டு நிலமா, முன்னரே அடைமானத்தில் உள்ளதா, நிலவரி நிலுவை உண்டா என்று கூறும் திறன் அவனுக்குக் கைவந்திருக்கும். தவறினால் முதல் போய்விடும். 1913-இல் மலாய் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபின் அத்தகைய நிலத்தை ஈடாகக் கொண்டவர் பின்னர் அதனைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள இயலாது. ஆதலின் அச்சட்டத்தின் எழுத்து ஒவ்வொன்றையும் அவர்கள் அறிந்தாக வேண்டியிருந்தது.

கிராண்டை ஒப்படைத்துக் கடன் பெறுதலும், கடன் கொடுத்தவர் அதனைக் காட்டிப் பதிவேட்டில் ‘கேவியட்’ என்னும் தடைக்குறிப்பை ஏற்றுதலும் இந்நாட்டுச் சட்டத்தில் இடம்பெற்ற ஒரு முறை. இன்றைய சட்டத்தின் 281-ஆம் பிரிவு அதனைக் கூறுகிறது. இம்முறையைப் பெரிதும் கையாண்டவர் செட்டியார்களே. கேவியட் ஏறிய நிலத்தை, அது நீங்கும்வரை உரிமையாளர் வேறொருவர்க்கு மாற்றிக் கொடுத்தல் இயலாது. ஒரு தாளை நிரப்பிக் கட்டணம் கட்டினால் ஒரு பெருந்தோட்டத்தின் விற்பனையே நின்றுபோகும். அத்தகைய கருவி அவர்கள் கையில் இருந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் கடன் திரும்பாதபோது தோட்டங்களும் கடைவீடுகளும் அவர்களிடம் வந்து சேர்ந்ததற்கு வட்டி மட்டுமே காரணம் என்பார் உளர். சட்ட அறிவும் காரணம் என்பதை அவர்கள் காணத் தவறினர்.

பிரிக்பீல்ட்ஸில் வேறொரு கூட்டம் இருந்தது. 1881-இல் கோலாலம்பூர் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் இரையானபின், நகரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் அமைந்த இடம் அது. பின்னர் இரயில்வேயின் பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் அங்கே பெருகின. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலக் கல்வியோடு வந்த தமிழர் இரயில்வே, நில அளவை, நில அலுவலகம் ஆகியவற்றில் கிராணிகளாயினர். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயில் அவர்தம் முயற்சியின் சின்னம். சங்கிலி பிடித்து நிலம் அளப்பதும், பதிவேட்டில் மாற்றம் எழுதுவதும், விண்ணப்பத்தின் குறையைச் சுட்டுவதும் அவர்களுடைய அன்றாட வேலை. இலண்டன் சென்று வழக்கறிஞராகித் திரும்பியோர்க்கும் இக்கிராணிகள் ஒருவகையில் ஆசான்களே. ஏனெனில் அங்கே கற்றது ஆங்கிலேய நிலச் சட்டம். இங்கே வழங்குவதோ டாரன்ஸ் முறை. இம்முறையைப் பற்றி எஸ். கே. தாஸ் எழுதிய நூல் 1963-இல் வெளிவந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை கோலாலம்பூரில் 1972-இல்தான் தொடங்கிற்று. அதுவரை இந்நாட்டு நிலச் சட்டத்தைக் கற்க விரும்பியவர்க்கு நில அலுவலகத்தின் முகப்பே பள்ளிக்கூடம் எனின் மிகையாகாது.

ஆக, கல்வி இருந்தது. அது கிட்டங்கியின் பெட்டியடியிலும் கிராணியின் மேசையிலும் அடைபட்டுக் கிடந்தது. அங்கிருந்து ஐந்து கல் தொலைவில் இருந்த தோட்டத்து லயத்துக்கு அது சென்று சேரவில்லை. தோட்டத் தொழிலாளியின் வீடு வேலைக்கு உடன்வந்த வீடு. வேலை போனால் வீடும் போம். சட்டத்தின் பார்வையில் அவன் உரிமையாளனும் அல்லன், குத்தகையாளனும் அல்லன், அனுமதியின்பேரில் தங்கியவன். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசியச் சங்கம் உருவாகிக் கூலிப் பேரத்தில் அவனுக்கு ஒரு குரல் கிடைத்தது. எனினும் கூலிப் பேரம் வேறு, நிலப் பேரம் வேறு. கூலி பேசும் மேசையில் முதலாளியும் தொழிலாளியும் எதிரெதிரே அமர்வர். நிலம் விற்கும் மேசையில் தொழிலாளிக்கு நாற்காலியே இல்லை.

இது 1950-களில் வெளிப்பட்டது. விடுதலை நெருங்கிய காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் பலர் பயிர் செய்ய வந்தவரல்லர். முன்பணம் மட்டும் கட்டித் தோட்டத்தைத் தம் கைக்குள் கொண்டு, அதனைச் சில ஏக்கர்த் துண்டுகளாக்கிச் சில்லறையில் விற்று, அப்பணத்தைக் கொண்டே எஞ்சிய விலையைச் செலுத்தினர். ‘தோட்டத் துண்டாடல்’ என்று நாளிதழ்கள் இதற்குப் பெயரிட்டன. ஐந்து ஏக்கர் வாங்கியவன் தன் குடும்பத்தோடு பால் வெட்டுவான், கூலியாள் எதற்கு? லயமும் குழாய்நீரும் பிள்ளை மடுவமும் பள்ளியும் ஒரே நாளில் கேட்பாரற்றுப் போயின. பேராசிரியர் உங்கு அப்துல் அசீஸ் 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலை ஆராய்ந்து 1962-இல் வெளியிட்ட அறிக்கை, இக்கொடுமையை எண்களால் எடுத்துரைத்த பெருநூல்.

இச்சூழலில்தான் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்த துன் வீ. தி. சம்பந்தன் அப்போது அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்தவர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அவர் தந்தையார் வீராசாமி உழைப்பால் உயர்ந்து சுங்கை சிப்புட்டில் தோட்டம் உடையவரானவர். தோட்டம் எவ்வாறு வாங்கப்படுகிறது, எவ்வாறு விற்கப்படுகிறது என்பதைப் பிறந்த வீட்டிலேயே கண்டவர் என்பதை இங்கே கருத வேண்டும். துண்டாடலைத் தடுக்கச் சட்டம் வரட்டும் என்று காத்திராமல், வாங்குபவராகவே தொழிலாளரை ஆக்கிவிட அவர் துணிந்தார். பங்கு ஒன்று நூறு வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தலாம். பல நாட்கூலி சேர்ந்தாலன்றிப் பத்து வெள்ளி ஆகாத காலம் அது. துன் சம்பந்தனும் துணைவியார் உமா அம்மையாரும் தோட்டம் தோட்டமாகச் சென்று கூட்டம் கூட்டிப் பேசிப் பங்கு சேர்த்தனர். சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம்.

இக்கூட்டங்கள் நிதி திரட்டியதோடு நின்றுவிடவில்லை. அவை வகுப்புகளாகவும் விளங்கின. இது பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போய்விட்டது. பங்கு என்றால் என்ன, தோட்டம் சங்கத்தின் பெயரில் இருந்தால் தனக்கு அதில் என்ன உரிமை, பணத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்பவர்க்கு விடை சொல்லியாக வேண்டும். கூட்டுறவுச் சட்டம் இந்நாட்டுக்கு 1922-இலேயே வந்திருந்தும், நிலம் வாங்கும் கூட்டுறவு என்பது லயத்து மக்களுக்குப் புதுமை. ஓர் ஏக்கரைக் காட்டி ‘இது உன்னுடையது’ என்று சொல்ல முடியாத உடைமை அது. எல்லாருக்கும் உரியது, எனினும் எவருக்கும் தனித்து உரியதன்று. துண்டாடலுக்கு மாற்று அதுவே என்பதை விளக்குதற்குப் பொறுமையும் தமிழும் தேவைப்பட்டன.

பேரத்தின் நுணுக்கமும் வேறாயிற்று. ஒரு தோட்டத்தை வாங்குமுன் நில அலுவலகத்தில் பதிவேட்டைத் தேட வேண்டும்; அடைமானமோ கேவியட்டோ உண்டா என்று காண வேண்டும். கிராண்டில் குறித்த பரப்பும் அளவைப் படமும் பொருந்துகின்றனவா என்று நோக்க வேண்டும். இவற்றினும் முக்கியம் மரத்தின் வயது. மரம் முதிர்ந்த தோட்டத்தின் விலை குறைவு, ஆனால் மறுநடவு செய்து ஆறேழு ஆண்டு வருவாயின்றிக் காத்திருக்க வேண்டும். முன்பணம் கட்டியபின் குறித்த தவணைக்குள் மீதியைச் செலுத்தாவிடில் முன்பணம் பறிபோகும். சில்லறையில் விற்பவன் ஏக்கருக்குக் கூடுதல் விலை சொல்ல முடியும். சங்கத்தால் அவ்வாறு இயலாது. முழுத் தோட்டத்தையும் ஒரே கையெழுத்தில் வாங்கிக்கொள்வோம், பணம் தவணை தவறாது வரும் என்னும் உறுதியே சங்கத்தின் வலிமை. அவ்வுறுதி எங்கிருந்து வந்தது? மாதந்தோறும் வந்த பத்து வெள்ளிகளிலிருந்து வந்தது. சேமிப்பே பேரத்தின் மொழியாயிற்று.

சங்கம் பின்னர்ப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கு உரிமை பெற்றது. அரசும் தேசிய நிலச் சட்டத்தில் 214-ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுதற்குத் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கிற்று. எனினும் சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் வாங்க முடியுமா? குறிப்பாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் இயலாமற் போயிற்று. அங்கே நிலத்தின் விலையை இரப்பர்ப் பால் நிர்ணயிக்கவில்லை, வீடு நிர்ணயித்தது.

வீடு கட்டுவோர் பேரம் துண்டாடுவோர் பேரத்தினும் நுட்பமானது. தேசிய நிலச் சட்டம் நிலத்தை விவசாயம், கட்டடம், தொழில் என மூவகைப்படுத்துகிறது. விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசிடம் 124-ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். மாற்றம் கிடைத்தவுடன் அதே மண் பன்மடங்கு விலை பெறும். மேம்பாட்டுத் தொழிலின் இலாபம் பெரும்பாலும் இந்த ஒரு சொல் மாற்றத்தில் உள்ளது. கிராண்டில் ‘விவசாயம்’ என்ற சொல் ‘கட்டடம்’ என்று மாறிய அன்றே லயத்தின் முடிவும் எழுதப்படுகிறது. லயத்தில் இருப்பவர் அறிவது மண்வாரி இயந்திரம் வந்து நிற்கும்போதுதான். 1976-ஆம் ஆண்டு நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம் ஆட்சேபம் கூறும் வாய்ப்பை அண்டை நில உரிமையாளர்க்கு அளித்தது. குடியிருப்பவர் என்ற அளவில் தொழிலாளிக்கு அறிவிப்பு வருதற்கு அதில் இடமில்லை.

இழப்பீட்டுக் கணக்கையும் பார்ப்போம். 1980-ஆம் ஆண்டு விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் உழைத்தவர்க்கு ஆண்டொன்றுக்கு 20 நாட்கூலி உண்டு. முப்பதாண்டு உழைத்தவர்க்கு 600 நாட்கூலி. வேலையிழப்புக்கு இது விடையாகலாம். வீட்டிழப்புக்கு அவ்விதிகளில் ஒரு வரியும் இல்லை. ஆதலின் வீடு என்பது முழுக்க முழுக்கப் பேரத்தில் பெற வேண்டியது. பேசத் தெரிந்த தலைவர் இருந்த தோட்டத்தில் தரைவீடு கிடைத்தது. இல்லாத தோட்டத்தில் அடுக்குமாடி அறை கிடைத்தது. சிலவற்றில் எதுவும் இல்லை. பிராங் புசார் தோட்டத்தின் மீது 1995 முதல் புத்ராஜெயா எழுந்தபோது அத்தோட்டத்து மக்கள் டிங்கிலில் உள்ள அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டனர். 1980-இல் அரசு கையகப்படுத்திய புக்கிட் ஜாலில் தோட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தரைவீட்டுக்கென 4 ஏக்கர் கேட்டுப் போராடின. 2011-இல் அவர்களுக்கு வந்த அறிவிப்போ, புறம்போக்குவாசிகளை அகற்றுதற்கென 1969-இல் எழுந்த அவசரகால விதிகளின்கீழ் வந்தது. சொல்லாராய்ச்சி உடையோர் இங்கே ஒன்றைக் கருதலாம். தமிழ்நாட்டில் புறம்போக்கு என்பது வரிக்கு உட்படாத நிலத்தின் பெயர். மலேசியாவில் அது மனிதர்க்குப் பெயராயிற்று.

இன்று நிலச் சட்டமும் நில மதிப்பீடும் பல்கலைக்கழகப் பாடங்கள். மதிப்பீட்டாளர்க்கும் சொத்து முகவர்க்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தகுதியும் பதிவும் விதித்துள்ளது. வீடமைப்பு மேம்பாட்டாளரைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1966 முதல் உண்டு. வீடு வாங்கியோர் முறையீட்டைக் கேட்கும் நடுவர் மன்றம் 2002-இல் அமைந்தது. அங்கே பொதுவாக வழக்கறிஞர் தோன்றுதல் இல்லை. வாங்கியவரே தம் ஒப்பந்தத்தைக் கையில் வைத்துப் பேச வேண்டும். தமிழிளைஞர் பலர் இத்துறைகளில் பட்டம் பெற்றுச் சிறந்து விளங்குகின்றனர். கிட்டங்கியில் அடைபட்டிருந்த கல்வி திறந்துவிடப்பட்டது எனலாம். ஆனால் இக்கல்வி முழுதும் வாங்குவோர்க்கும் விற்போர்க்கும் உரியது. வாங்கவும் இயலாது விற்கவும் இல்லாது நடுவே நிற்பவர் சார்பில் எவ்வாறு பேரம் பேசுவது என்பதற்குத் தனிப்பாடம் இன்னும் எழுதப்பட வேண்டியே உள்ளது.

தமிழ்ப்பள்ளிகளும் அந்நடுவில் நிற்பனவே. நாட்டில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல தோட்டக் கம்பெனியின் நிலத்தில் கட்டப்பட்டவை. பள்ளி நிலம் அரசுக்கு உரியதல்லாதபோது அது பகுதி உதவி பெறும் பள்ளியாகவே எண்ணப்படும். கட்டடச் செலவுக்குக் கையேந்த வேண்டிய நிலை அதனால் வருகிறது. தோட்டம் விற்கப்படும்போது பள்ளிக்கு நிலம் ஒதுக்குவதாக மேம்பாட்டாளர் கடிதம் தருவது உண்டு. மேலாளர் வாரியத்தார் அக்கடிதத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டுவதும் உண்டு. கடிதம் படி ஓலைகூட அன்று. நிலம் தனியே பிரிக்கப்பட்டு, பள்ளியின் பொருட்டென்று பதிவேட்டில் ஏறினாலன்றி, அடுத்து வாங்குபவரை அது கட்டுப்படுத்துமோ என்பது ஐயமே. நிலத்தை அரசே கையகப்படுத்துமிடத்து 1960-ஆம் ஆண்டுச் சட்டம் வழிகாட்டுகிறது. விசாரணைக்கு நேரில் சென்றவர் இழப்பீடு போதாது என்று கருதினால், தீர்ப்பு நாளிலிருந்து ஆறு வாரங்களுக்குள் ‘என்’ படிவத்தில் ஆட்சேபம் தர வேண்டும். ஆனால் இவ்வுரிமையும் நிலத்தில் அக்கறை உடையவர் என்று சட்டம் ஏற்றவர்க்கே. அனுமதியின்பேரில் தங்கிய தொழிலாளி அதற்குள் வருவது கடினம்.

1950-களின் தொடக்கத்தில் எஃபிங்காம் தோட்டத்தின் 1,200 ஏக்கரில் பெட்டாலிங் ஜெயா நகர் எழுந்தது. சீபோர்ட் தோட்டம் இன்று கிளானா ஜெயா. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா. கின்றாரா தோட்டம் அடுக்கு வீடுகளும் அங்காடிகளும் நிறைந்த நகர்ப்புறம். அங்கெல்லாம் இரப்பர் மரம் ஒன்றையும் காண்டல் அரிது. எனினும் பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளியும், கிளானா ஜெயாவில் சீபோர்ட் தமிழ்ப்பள்ளியும், ஏனையவும் தத்தம் தோட்டங்களின் பெயரையே இன்றும் வாயிற்பலகையில் தாங்கி நிற்கின்றன.